நூற்று இருபத்தேழு ஒன்றுகள்

(அறக்கட்டளை விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் பொருள் ஓர் எண். முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட அந்த எண் இது:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

இவ்வெண்ணை உருவாக்கும் விதி மிக எளியது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதனை 127 முறை இரட்டித்து, முடிவில் ஒன்றைக் குறைத்தால் இது கிடைக்கும். கணித நூல்கள் இதனை 2¹²⁷ − 1 என்று எழுதும். கணிப்பொறிகள் கையாளும் இருமை எண்முறையில், அதாவது சுழியும் ஒன்றும் மட்டுமே இலக்கங்களாக உள்ள முறையில் எழுதினால், இவ்வெண் நூற்று இருபத்தேழு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் தோற்றத்தைப் பெறும்; இடையில் ஒரு சுழியும் இராது.

1876ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கணித ஆசிரியர் எதுவார் லூக்கா, இவ்வெண்ணை ஒன்றும் இவ்வெண்ணும் அன்றி வேறு எந்த முழு எண்ணும் மீதியின்றி வகுக்காது என்று அறிவித்தார். அவரிடம் கணிப்பொறி இல்லை. வகுத்துப் பார்க்கத் தக்க எண்களையெல்லாம் அவர் வகுத்துப் பார்க்கவும் இல்லை. ஒருவர் தம் வாழ்நாளில் சோதித்து முடிக்க இயலாத ஒன்றைப் பற்றி ஐயமின்றிக் கூறுவது எவ்வாறு? ஒருவர் சொன்னார் என்பதற்காக ஏற்றல், தானே ஆராய்ந்து தெளிந்து ஏற்றல் ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த எண்ணின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அதுவே இவ்வுரையின் நோக்கம்.

பகா எண்ணும் இரட்டித்தலும்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண், பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 என்பன பகா எண்கள். 15 பகு எண். அது மூன்றும் ஐந்தும் பெருகியது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். எனினும், ஒரு குறிப்பிட்ட பெரிய எண்ணைச் சுட்டி, அது பகா எண்ணா அன்றா என்று வினவினால், அந்த நிறுவல் விடை கூறாது.

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு என்று இரட்டித்து வைக்கும் கதையை அறியாதார் இலர். அறுபத்து நான்கு கட்டங்களிலும் உள்ள மொத்த மணிகள் 2⁶⁴ − 1. அதாவது 18,446,744,073,709,551,615. இவ்வெண் ஐந்தில் முடிகிறது. ஆதலின் ஐந்தால் வகுபடும். ஆதலின் பகா எண் அன்று. ஐந்தில் முடியாமல் இருந்திருப்பினும் இது பகா எண்ணாக இருந்திருக்க இயலாது. அடுக்காக உள்ள 64 பகு எண்ணாக இருப்பதே அதற்குப் போதுமான காரணம். அடுக்கு இரண்டு எண்களின் பெருக்கமானால், 2இன் அந்த அடுக்கிலிருந்து ஒன்றைக் குறைத்த எண்ணும் பகுபடும் என்பது எளிதில் நிறுவத்தக்க உண்மை.

அவ்வாறாயின் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா? 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு முறையே 3, 7, 31, 127 என்று பகா எண்களே வருகின்றன. இந்நான்கைக் கண்டு விதி கண்டோம் என்று மகிழ்வோர்க்கு அடுத்த அடுக்கே தடை போடுகிறது. 11ஆம் அடுக்கில் 2047 வருகிறது. அது 23உம் 89உம் பெருகியது. நான்கு சான்றுகளை வைத்து ஐந்தாவதை முடிவு செய்தல் கணிதத்தில் செல்லாது.

ஆகம நெறியில் இரண்டின் அடுக்குகள்

இரண்டின் அடுக்குகள் சமணப் பெரியோர்க்குப் புதியன அல்ல. வீரசேன ஆசாரியர் கி.பி. 816இல் நிறைவு செய்த தவளா என்னும் ஷட்கண்டாகம உரையில் ‘அர்த்தச்சேதம்’ என்னும் கருத்து விரிவாகப் பயில்கிறது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாமோ அத்தனையும் அதன் அர்த்தச்சேதம். 8இன் அர்த்தச்சேதம் 3. 16இன் அர்த்தச்சேதம் 4. இரண்டு எண்களைப் பெருக்கினால், பெருக்கத்தின் அர்த்தச்சேதம் அவ்வெண்களின் அர்த்தச்சேதங்களைக் கூட்டிய தொகையாகும் என்ற விதியும் அங்கு உண்டு. இன்றைய கல்லூரிப் பாடத்தில் இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று கற்பிக்கப்படுவது இதுவே.

மனிதர்களின் எண்ணிக்கையைக் கூற வந்த அனுயோகத்துவார சூத்திரம், தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண் என்று அதனைச் சுட்டுகிறது. 2⁹⁶ என்று இன்று எழுதப்படும் அது இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்டது: 79,228,162,514,264,337,593,543,950,336. நேமிசந்திர ஆசாரியரின் கோம்மடசாரமும் இதே எண்ணைத் தருகிறது. இரண்டை வர்க்கமாக்கி, வந்ததை மீண்டும் வர்க்கமாக்கிச் சென்றால் 4, 16, 256, 65536 என்று வளர்ந்து, ஐந்தாம் வர்க்கம் 2³² ஆகும்; ஆறாம் வர்க்கம் 2⁶⁴ ஆகும். அவ்விரண்டும் பெருகியதே 2⁹⁶. இதனை 2³¹ஆல், அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 648ஆல் பெருக்கி ஒன்றைக் குறைத்தால், இவ்வுரையின் நாயகமான முப்பத்தொன்பது இலக்க எண் வந்துவிடும்.

இங்கே ஓர் எல்லையைக் காத்தல் வேண்டும். பெரிய எண்களை வகைப்படுத்துவதிலும், அடுக்குகளையும் வர்க்கங்களையும் கையாள்வதிலும் அந்த ஆசாரியர்களின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் 2¹²⁷ − 1 பகா எண்ணா என்ற வினாவை அவர்கள் எழுப்பியதாகக் கூறுதல் பொருந்தாது. எண்ணிக்கை இரண்டிலிருந்தே தொடங்கும், ஒன்று எண்ணிக்கையில் சேராது என்பது ஆகம மரபு. ஒன்று பகா எண் அன்று என்பது இன்றைய கணித மரபு. இரண்டும் அருகருகே தோன்றினும் காரணங்கள் வெவ்வேறு. முன்னோர் செய்ததை உள்ளவாறு கூறுவதே அவர்களுக்குப் பெருமை. செய்யாததை அவர்கள் மேல் ஏற்றுவது பெருமை ஆகாது. மகாவீராசாரியரின் கணிதசாரசங்கிரகத்தை ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் பெயர்த்து, அது 1912இல் சென்னையில் அச்சேறிய பின்னரே, அந்நூலின் செல்வம் உலகக் கணித வரலாற்றாசிரியர்களின் பார்வைக்குப் பரவலாக வந்தது. மூலத்தை வெளியிட்டு, வாசித்துச் சரிபார்க்க வழி செய்ததாலேயே அந்த மதிப்பு நிலைபெற்றது.

மெர்சென் தந்த பட்டியல்

1644இல் பாரிசு நகரத்துத் துறவியும் அறிஞருமான மெர்சென், தாம் வெளியிட்ட நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்பது அவர் கூற்று. அவர் பெரும் அறிஞர்; ஐரோப்பாவின் அறிவாளர் பலருடன் கடிதத் தொடர்பு கொண்டவர். எனவே அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இத்தகைய பகா எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அவர் நிறுவல் எதனையும் தரவில்லை.

மெய்ப்பிக்கும் பணி மிக மெல்ல நடந்தது. 1772இல் ஆய்லர், 31ஆம் அடுக்கிலிருந்து வரும் 2,147,483,647 பகா எண்ணே என்று உறுதி செய்தார். பட்டியல் வெளிவந்து அப்போது நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த எண்ணோடு தொடர்புடைய நிறைவெண்ணைப் பற்றி 1811இல் எழுதிய ஆங்கிலேயக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ, அதனினும் பெரிதாக ஒன்றை இனி எவரும் கண்டறியப் போவதில்லை, ஏனெனில் அது வியப்புக்குரியதே அன்றிப் பயனுடையது அன்று என்னும் கருத்தை வெளியிட்டார். அவர் கணிப்பு நீண்ட காலம் நிலைக்கவில்லை.

வகுத்துப் பார்க்கும் வழி ஏன் அடைபட்டது

ஓர் எண் பகா எண்ணா என்று காண, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 127 என்ற சிறிய எண்ணுக்கு 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்தும் போதுமானவை. ஆனால் 2¹²⁷ − 1 என்பதன் வர்க்கமூலம் இருபது இலக்கங்கள் கொண்டது.

இதிலும் ஒரு சலுகை உண்டு. இவ்வெண்ணுக்கு வகுஎண் ஒன்று இருக்குமாயின், அது 254இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்கும். அன்றியும் எட்டால் வகுக்கும்போது ஒன்றோ ஏழோதான் மீதி தரும். 2047இன் காரணிகளான 23உம் 89உம் இதே வகை விதிக்கு அடங்கியிருப்பதைக் காணலாம். 23 என்பது 22உடன் ஒன்று, 89 என்பது 88உடன் ஒன்று. இந்தச் சலுகையை முழுமையாகப் பயன்படுத்திய பின்னும், சோதிக்க வேண்டியவை இரண்டரைக் கோடி கோடி எண்களையும் பன்மடங்கு விஞ்சி நிற்கும். ஒரு நொடிக்கு ஒன்றாக, உறக்கமின்றி வகுத்துக்கொண்டே இருந்தாலும், முடிப்பதற்கு எண்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே வகுத்துப் பார்த்து உண்மை காணும் வழி அடைபட்டது. வேறு வழி தேவைப்பட்டது.

லூக்கா கண்ட வழி

1842இல் பிறந்த லூக்கா, பாரிசு நகரத்துப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர். சிறுவர் விளையாடும் ‘ஹனோய் கோபுரம்’ என்ற வட்டு விளையாட்டை 1883இல் உலகுக்குத் தந்தவரும் அவரே. காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொன் வட்டுகளை ஓயாமல் மாற்றி வைத்து வருகின்றனர் என்ற கற்பனைக் கதையும் அவ்விளையாட்டோடு சேர்ந்து பரவியது. அறுபத்து நான்கு வட்டுகளை மாற்றி முடிக்க 2⁶⁴ − 1 நகர்வுகள் தேவை. நூற்று இருபத்தேழு வட்டுகள் இருந்தால், தேவைப்படும் நகர்வுகள் சரியாக 2¹²⁷ − 1.

அவர் கண்ட சோதனை முறை, பின்னர் 1930இல் அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் எளிமையாக்கிய வடிவில் இங்கே தரப்படுகிறது. நான்கில் தொடங்குக. அதனை வர்க்கமாக்கி இரண்டைக் கழிக்க. வருவதைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அந்த மீதியை மீண்டும் வர்க்கமாக்கி இரண்டைக் கழித்து வகுத்து மீதி காண்க. அடுக்கில் இரண்டு குறைந்த எண்ணிக்கை அளவுக்கு இதனைச் செய்க. இறுதி மீதி சுழியானால் அது பகா எண். சுழி அன்றேல் பகு எண். இவ்வளவே விதி. இரண்டை விட்டு ஏனைய பகா அடுக்குகள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

ஏழாம் அடுக்கின் 127ஐக் கொண்டு பார்க்கலாம். ஐந்து முறை செய்ய வேண்டும். 4இன் வர்க்கம் 16. இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196. இரண்டு போக 194. 127ஆல் வகுக்க மீதி 67. 67இன் வர்க்கத்தில் இரண்டு போக 4487, மீதி 42. 42இன் வர்க்கத்தில் இரண்டு போக 1762, மீதி 111. 111இன் வர்க்கத்தில் இரண்டு போக 12319, அது 127இன் 97 மடங்கு, மீதி சுழி. ஐந்தாம் படியில் சுழி வந்தது. 127 பகா எண். இதே முறையைப் பதினோராம் அடுக்கின் 2047க்குச் செய்தால், ஒன்பதாம் படியில் 1736 மீதியாகிறது. சுழி வரவில்லை, 2047 பகு எண். இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. 23உம் 89உம் அதன் காரணிகள் என்பதை இந்தச் சோதனை வெளியிடவே இல்லை. காரணிகளைக் காட்டாமலே, காரணிகள் உண்டு என்பதை நிறுவிவிடுகிறது.

2¹²⁷ − 1க்கு இத்தகைய படிகள் நூற்று இருபத்தைந்து. எண்பது கோடி ஆண்டுகளின் வேலை நூற்று இருபத்தைந்து படிகளாகச் சுருங்கியது. எனினும் ஒவ்வொரு படியிலும் முப்பத்தொன்பது இலக்கம் வரையுள்ள எண்ணை வர்க்கமாக்க வேண்டும். லூக்கா இருமை எண்முறையைக் கையாண்டு, சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய்களை வைத்தும் நீக்கியும் இக்கணக்கைச் செய்யும் முறையை விளக்கியுள்ளார். வகுத்தல் அங்கே எளிதாகிறது. ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்த மீதியைக் காண, அதன் இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்பது வீட்டுக் கணக்கில் பழகிய உண்மை. பத்திலிருந்து ஒன்று குறைந்தது ஒன்பது என்பதே அதன் காரணம். அவ்வாறே, இருமை முறையில் 127 இடங்களுக்கு மேற்பட்ட பகுதியை வெட்டி, எஞ்சிய பகுதியோடு கூட்டிவிட்டால் வகுத்தல் முடிந்துவிடும்.

நூற்று இருபத்தைந்து படிகளில் ஏதேனும் ஒன்றில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் அதன் பின் வரும் உழைப்பு அனைத்தும் வீணாகும். ஆனால் இந்த முறைக்குள்ளேயே ஒரு காவலும் அமைந்துள்ளது. எண் பகா எண்ணாயின், சுழி வருவதற்கு முந்திய மீதி எதுவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே கூறலாம். ஐந்தாம் அடுக்கில் அது 8. ஏழாம் அடுக்கில் அது 111. அதாவது 127இலிருந்து 16 குறைந்தது. பதின்மூன்றாம் அடுக்கில் 128. இவையெல்லாம் இரண்டின் அடுக்குகளே; அல்லது சோதனைக்குரிய எண்ணிலிருந்து இரண்டின் ஓர் அடுக்கைக் கழித்தவை. 2¹²⁷ − 1க்கு அந்த இடத்தில் 2⁶⁴ வர வேண்டும். அன்றேல் அதனைக் கழித்த எண் வர வேண்டும். ஆகம நெறியில் ஆறாம் வர்க்கம் என்று கண்ட அதே எண், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுந்த ஒரு சோதனையின் இறுதி வாயிலில் நிற்கிறது. எவரும் திட்டமிட்டு அமைத்தது அன்று இது. எண்களின் இயல்பு அவ்வாறு அமைந்துள்ளது.

அறுபத்தேழும் நூற்று இருபத்தேழும்

லூக்கா அதே காலத்தில் மெர்சென் பட்டியலிலிருந்த இன்னோர் அடுக்கான 67ஐயும் சோதித்தார். அதன் முடிவு வேறாக இருந்தது. 2⁶⁷ − 1 பகா எண் அன்று. மெர்சென் கூற்றில் ஒன்று மெய்யாயிற்று, மற்றொன்று பொய்யாயிற்று. ஆனால் 67ஆம் அடுக்கின் காரணிகள் யாவை என்பது தெரியவில்லை.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் அவையில் பிராங்க் நெல்சன் கோல் அதற்கு விடை தந்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 2⁶⁷ − 1ஐக் கணித்து எழுதினார் என்றும், மற்றொரு பக்கத்தில் 193,707,721ஐயும் 761,838,257,287ஐயும் பெருக்கிக் காட்டினார் என்றும், இரண்டு விடைகளும் ஒத்ததும் அவை எழுந்து கைதட்டியது என்றும் கூறுவர். இரு பக்கமும் வந்த எண் 147,573,952,589,676,412,927. பல ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டுக் கண்ட காரணிகள் அவை என்பதும் வழிவழி வரும் செய்தி. கதையின் அணிகளை நீக்கினும் பெருக்கல் எஞ்சி நிற்கிறது. பள்ளி மாணவன் ஒருவன் தாளும் எழுதுகோலும் கொண்டு இன்றே அதனைச் சரிபார்த்துவிடலாம்.

பட்டியலின் ஏனைய பிழைகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மெர்சென் விட்டுவிட்ட 61ஆம் அடுக்கு பகா எண் தரும் என்று 1883இல் உருசிய நாட்டுச் சமயகுரு பெர்வுசின் நிறுவினார். அவ்வாறே விடுபட்டிருந்த 89ஐ 1911இலும், 107ஐ 1914இலும் அமெரிக்கரான பவர்ஸ் கண்டறிந்தார். 257 பகா எண் தராது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆக, பதினொரு அடுக்குகளில் இரண்டு தவறாகச் சேர்ந்தவை, விடுபட்டவை மூன்று. சரியான பட்டியலில் அடுக்குகள் பன்னிரண்டு. முந்நூறு ஆண்டுகள் ஒரு பெரியவரின் பெயரால் நின்ற பட்டியலைத் திருத்தியவர்கள் அவரை இகழவில்லை. இன்றும் அந்த எண்களுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர். மதிப்பும் ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இவ்வெண்ணின் சுற்றம்

தன்னையன்றித் தன் வகுஎண்கள் அனைத்தையும் கூட்டினால் தன்னையே தரும் எண், நிறைவெண் எனப்படும். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டல். 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டல். மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்து அறிவு. இரட்டைப்படை நிறைவெண் அனைத்தும் இவ்வாறே வருவன என்பது ஆய்லர் நிறுவியது. 2¹²⁷ − 1ஐ 2¹²⁶ஆல் பெருக்கினால் எழுபத்தேழு இலக்கங்கள் கொண்ட நிறைவெண் கிடைக்கும்.

இவ்வெண்ணுக்கு ஒரு குலவரிசையும் உண்டு. இரண்டின் 2ஆம் அடுக்கில் ஒன்று குறைய 3. இரண்டின் 3ஆம் அடுக்கில் ஒன்று குறைய 7. இரண்டின் 7ஆம் அடுக்கில் ஒன்று குறைய 127. இரண்டின் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைய இவ்வெண். 2, 3, 7, 127, 2¹²⁷ − 1 என ஐவரும் பகா எண்கள். 1876இலேயே பெல்ஜியக் கணித அறிஞர் கத்தலான் இவ்வரிசையைச் சுட்டினார். ஆறாமவர் பகா எண்ணா என்பது இன்றுவரை எவர்க்கும் தெரியாது. அந்த ஆறாம் எண்ணை எழுதத் தேவைப்படும் இலக்கங்களின் எண்ணிக்கையே முப்பத்தெட்டு இலக்க எண். உலகின் தாள் அனைத்தையும் திரட்டினாலும் அதனை எழுதி முடிக்க இயலாது. லூக்காவின் சோதனையும் அங்கே பயன்படாது. ஐந்து முறை மெய்யானதால் ஆறாம் முறையும் மெய்யாகும் என்று கூறலாமா? 2047 அதற்கு முன்பே விடை தந்துள்ளது.

எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்

1876 தொடங்கி 1951 வரை எழுபத்தைந்து ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக இவ்வெண்ணே விளங்கியது. 1951இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியில் மில்லரும் வீலரும் எழுபத்தொன்பது இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டனர். அதுவும் லூக்காவின் எண்ணை வர்க்கமாக்கி, 180ஆல் பெருக்கி, ஒன்று கூட்டிப் பெற்றதே. அடுத்த ஆண்டில் ராபின்சன் எழுதிய நிரல், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஒரு கணிப்பொறியில் லூக்கா–லெமர் சோதனையை நடத்தி, 521ஐயும் 607ஐயும் ஒரே இரவில் வென்றது. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டறிந்ததாக அறிவிக்கப்பட்ட பகா எண்ணில் அடுக்கு 136,279,841. இலக்கங்கள் நான்கு கோடியே பத்து லட்சத்து இருபத்துநாலாயிரத்து முந்நூற்று இருபது. அதனை உறுதி செய்யவும் லூக்கா வழிவந்த சோதனையே துணை நின்றது. எனினும், பொறியின் துணை இன்றிக் கையால் மட்டுமே கண்டறிந்த பகா எண்களுள் இன்றும் மிகப் பெரியது 2¹²⁷ − 1 தான்.

பயனில்லை என்று பார்லோ கருதிய துறை இன்று செய்திகளைக் காக்கும் மறைகுறியீட்டு இயலுக்கு அடித்தளமாக உள்ளது. வெட்டிக் கூட்டினால் வகுத்தல் முடியும் என்ற எளிமையைக் கருதி, லூக்காவின் இந்த எண்ணின் மேலேயே அமைத்த மறைகுறியீட்டு முறை ஒன்று 2015இல் வெளியிடப்பட்டது. தவளா உரையில் ‘வர்க்கிதசம்வர்க்கிதம்’ என்றொரு செயல் உண்டு. எண்ணைத் தன் அளவுக்கே அடுக்காக்குதல் அது. இரண்டில் தொடங்கி மூன்று முறை செய்தால் 4, 256, பின்னர் 256இன் 256ஆம் அடுக்கு. அந்த மூன்றாம் எண்ணுக்கு இலக்கங்கள் 617, அர்த்தச்சேதம் 2048. இன்று பரவலாக வழங்கும் ஆர்எஸ்ஏ மறைகுறியீட்டுச் சாவிகளில் கையாளும் எண்ணும் 2048 இருமை இலக்கங்கள், 617 இலக்கங்கள் என்ற அதே அளவினது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூறுதல் தவறு. ஆனால் அத்தகைய எண்ணை அஞ்சாமல் எண்ணிப் பார்த்த மரபில் பிறந்த பிள்ளைக்கு அந்த அளவு அயலாகத் தோன்ற வேண்டியதில்லை.

இளஞ்செல்வங்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். பதின்மூன்றாம் அடுக்கின் எண் 8191. நான்கில் தொடங்கிப் பதினோரு படிகள் செய்து பாருங்கள். கணக்கில் பிழை இல்லையேல் பத்தாம் படியில் 128 வரும். பதினோராம் படியில் சுழி வரும். இடையில் பிழைத்தால் சுழி தவறிப்போகும். அப்போது தொடக்கத்திலிருந்து பொறுமையோடு மீண்டும் செய்யுங்கள். இவ்வுரையில் கூறப்பட்டது என்பதற்காக 8191 பகா எண் என்று நம்ப வேண்டா. சுழி வந்த பின்னர் அந்த அறிவு உங்களுடையதாகிவிடும்; அதனை எவரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள இயலாது.